முதல் வரியில் யார் பெயர்

அருணா அந்த வரைபடத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டது வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு. ஒன்பதரைக்குள் ஊர் இரண்டாகிவிட்டது.

முதல் ஐந்து நிமிஷம் எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருத்தர் கைதட்டல் போட்டார். திருப்பூரில் இருக்கும் ஒருத்தர், "நம்ம மருதங்காட்டுப்பட்டியா இது? மேல இருந்து பாத்தா டவுன் மாதிரில்ல இருக்கு" என்று எழுதினார். ஐயனார் கோவில், குதிரைக் கொட்டகை, கார் நிறுத்தும் இடம், தண்ணீர்ப் பந்தல், ஊர்வலம் போகிற வழி, நூற்று நாற்பத்து மூன்று வீடுகள் என்று ஒன்று விடாமல் இருந்தது. அப்புறம் எவனோ ஒரு புண்ணியவான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மூலையில் இருந்த சின்னப் பெட்டியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான். கீழே மூன்று கேள்விக்குறி. அவ்வளவுதான். குளத்தூர் கடைவீதியில், அருணா வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரின் மேசையில் அவளுடைய ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து தானாக நகர ஆரம்பித்தது.

அந்தப் பெட்டியில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு பச்சைப் புள்ளி, அதன் பக்கத்தில் 'ஆவுடையான் கரை', அதற்குக் கீழே 'மேலும் 2'.

மருதங்காட்டுப்பட்டியில் மூன்று கரை. கரை என்றால் ஐயனார் கோவிலில் பங்குள்ள வம்சம். ஆவுடையான் கரை, சின்னாண்டி கரை, வேலாண்டி கரை. ஒரே கரைக்காரர்கள் பங்காளிகள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கரை விட்டுக் கரை. அதனால் ஊரில் அடிதடி என்று வந்தால் மாமனும் மச்சானும்தான் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், நடுவில் நின்று அழுவது கட்டிக்கொடுத்த பெண்ணாக இருப்பாள். அருணா பிறந்தது வேலாண்டி கரை. வாழ்க்கைப்பட்டது ஆவுடையான் கரை.

அவள் கல்யாணமாகி எட்டாவது மாதம் புரவி எடுப்பு வந்தது. மண் குதிரைகளைக் கொட்டகையிலிருந்து தோளில் தூக்கிப்போய் ஐயனார் முன்னால் இறக்கி வைக்கும் திருவிழா. தூக்குவதற்கு முன் பரிவட்டம் கட்டுவார்கள். யார் தலையில் முதலில் கட்டுவது என்பதில் பேச்சு வளர்ந்தது. அருணாவின் மாமனார் வெள்ளைச்சாமி ஒரு முனையைப் பிடித்தார். அவளுடைய அண்ணன் சேவுகன் இன்னொரு முனையைப் பிடித்தார். துணி சரிபாதியாகக் கிழிந்தது. போலீஸ் வந்தது. செய்து வைத்த குதிரைகள் கொட்டகையிலேயே நின்றன. பதினோரு வருஷமாகத் திருவிழாவே இல்லை.

பதினோரு வருஷமாக அண்ணன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பேச்சு இல்லை. தலைப்பிரசவத்துக்குக்கூடக் கூப்பிட ஆள் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் இல்லாத பெண்ணை வளர்த்துப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த அண்ணன், பஸ்ஸில் அவளைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அருணாவின் மகள் சத்யாவுக்கு ஒன்பது வயது. இன்னும் காது குத்தவில்லை. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவள் பிறந்த கரைப் பங்காளி வகையில் வேறு ஒரு மாமனைப் பிடிக்கலாம் என்று மாமனார் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். அருணா ஆகாது என்றுவிட்டாள். அந்த வீட்டில் அவள் பிடித்த ஒரே பிடிவாதம் அதுதான். பிள்ளை கம்மலுக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது.

சித்திரையில் தாசில்தார் முன்னால் சமாதானம் ஆனது. மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணனிடமிருந்து ஃபோன் வந்தது. "ஞாயித்துக்கெழம குதிரை எறங்குன ஒடனே பிள்ளைக்கிக் காது குத்திருவோம்த்தா. நான் வாரேன்" என்றார். அருணா அன்றைக்கு யாருக்கோ வருமானச் சான்றிதழ் விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் பெயர் கட்டத்தில் விலாசத்தை அடித்துவிட்டாள்.

சமாதானத்தில் ஒரு நிபந்தனை உண்டு. மூன்று கரைப் பெயரையும் எந்தக் காகிதத்திலும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதக் கூடாது. எழுதினால் மேலே இருப்பவன் பெரியவன் ஆகிவிடுவான். பரிவட்டத்துக்குத் திருவுளச்சீட்டுக் குலுக்கல், அழைப்பிதழில் பெயர்கள் வட்டமாக. அச்சகத்தில் முதல் நகல் வந்தபோது வட்டத்துக்கும் உச்சி இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார்கள். அதனால் வட்டத்தைத் திருப்பித் திருப்பி மூன்று விதமாக அச்சடித்து, அவரவர் பெயர் உச்சியில் இருப்பதை அவரவரிடம் கொடுத்தார்கள். இதையெல்லாம் அருணா கூடவே நின்று பார்த்தவள். வடக்குத் தெருவில் அழைப்பிதழை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவளே.

அப்படி இருந்தும் கோட்டை விட்டாள். விட்டது இப்படித்தான்.

கமிட்டித் தலைவர் பழனிச்சாமி, சின்னாண்டி கரை, ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவர்தான் கேட்டார். "வெளியூர்லருந்து ஆயிரம் பேரு வருவாங்க அருணா. எந்தக் கரைக்காரன் எந்த வீட்டுல சாப்பிடணும், எங்கிட்டு வண்டிய விடணும்னு ஃபோன்லயே தெரியிற மாதிரி ஒரு மேப்பு போடேன். இன்ஸ்பெக்டரும் கேக்குறாரு." அருணாவுக்கு ஒரு வரி கோடிங் தெரியாது. தெரியவும் வேண்டாம், எக்செல் ஷீட் இருந்தால் போதும் என்று சொல்கிற இலவசத் தளம் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். எட்டு நாள் உட்கார்ந்து ஊரை வரிசை வரிசையாக அடித்தாள். ஏற்றினாள். தளம் இரண்டு கேள்வி கேட்டது. எந்தப் பத்தியை லேபிளாகக் காட்ட வேண்டும்? வீட்டின் பெயர். எந்தப் பத்தியை வைத்து நிறம் பிரிக்க வேண்டும்? கரை. வீடுகளெல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மலர்ந்தன. எந்த நிறம் எதற்கு என்று சொல்லும் பெட்டியும் கூடவே முளைத்தது. அதற்குத் தளம் வைத்த பெயர் லெஜண்ட். அதை அவள் கேட்கவும் இல்லை, அடுக்கவும் இல்லை. அதுவாக அகரவரிசையில் அடுக்கிக்கொண்டது. கம்ப்யூட்டரில் மூன்று பெயரும் அடியில் ஒரே கோட்டில் சாதுவாக இருந்தன. ஃபோனில் அது மேலிருந்து கீழாக மாறி, முதல் பெயரை மட்டும் காட்டிவிட்டு மற்ற இரண்டையும் மடித்து வைக்கும் என்று யார் கண்டது? அவள் ஃபோனில் திறந்து பார்க்கவே இல்லை.

பத்து மணிக்கு அண்ணன் கூப்பிட்டார்.

"படம் பாத்தேன்த்தா."

"அண்ணே, அது வந்து..."

"நல்லா இருக்கு. கம்மா, மடை, தண்ணி வழியிற கழுங்கு எல்லாம் சரியாப் போட்டிருக்க." குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கெழம எனக்குப் பொன்னமராவதி வரைக்கும் ஒரு சோலி இருக்கு. வர முடியாது. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அண்ணே, சத்யாவுக்குக் காது..."

"ஒங்க மாமனாரு மடியில ஒக்கார வச்சுக் குத்திக்கங்க. அவுகதான முதல்ல இருக்காக."

வைத்துவிட்டார்.

சாதிச் சான்றிதழுக்கு வந்த அம்மாள் ஒருத்தி, "தம்பி நம்பருக்கு ஓடிபி வந்துருச்சாம்மா, சொல்லவா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அருணா ஆறு எண்ணையும் தப்பாக அடித்தாள். திரும்ப வாங்கி அடித்தாள். எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், ஃபேனைக் கூட்டி வைத்தாள். எல்லாம் போய்விடுமா? ஒரு பெட்டிக்காகவா? ஒரு ஆ-வுக்கும் ஒரு வே-வுக்கும் நடுவில் தன் பிள்ளையின் காது மாட்டிக்கொண்டதை நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

முதல் வேலையாகப் பெட்டியையே எடுத்துவிட்டாள். தளத்தில் அதற்கு ஒரு பொத்தான் இருந்தது, கண் மூடி இருப்பது போல. அமுக்கினால் பெட்டி மறைந்துவிடும். மறைந்தது. இனிமேல் மேலும் இல்லை கீழும் இல்லை என்று மூச்சு விட்டாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "செவப்பு வீடெல்லாம் என்ன?" என்று ஒருத்தன் குழுவில் கேட்டான். "ரோடு அகலப்படுத்த இடிக்கிற வீடாம்" என்று இன்னொருத்தன் தெரிந்தவன் மாதிரி எழுதினான். சிவப்பு வேலாண்டி கரையின் நிறம். இருபது நிமிஷத்தில் வேலாண்டி கரை கொதித்து எழுந்தது. எங்கள் வீட்டை இடிக்க யார் கையெழுத்துப் போட்டது, ஆவுடையான் கரையில் ஒரு வீடுகூடச் சிவப்பில்லையே, அது எப்படி என்று குரல் பதிவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன.

அதற்குள் கணவன் தமிழ்செல்வனின் ஃபோன். அவன் கீரனூரில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். கெட்டவன் இல்லை. ஆனால் அப்பா என்ன சொல்கிறாரோ அதை அவன் வாய் சொல்லும்.

"அந்தப் பொட்டிய ஏன் எடுத்த?"

"சண்டை வருதுங்க."

"நீயா போட்ட? கம்ப்யூட்டரு போட்டுச்சு. அப்பா அத ஸ்டேட்டஸ் வேற வச்சிட்டாரு. இப்ப எடுத்தா, போட்டுட்டு எடுத்தாங்கன்னு நம்மளத்தான் கேவலமாப் பேசுவாங்க. முதல்லயே போடாம இருந்தா ஒண்ணுமில்ல. போட்டுட்டு எடுக்கக் கூடாது அருணா."

"எங்கண்ணே ஞாயித்துக்கெழம வரலைன்னுருச்சு."

யாரோ கடையில் பெல்ட் கேட்டார்கள். "அத அப்பறம் பேசிக்கலாம்" என்றான்.

அப்பறம் என்பது எது? பதினோரு வருஷமும் அப்பறமாகத்தான் போனது.

பெட்டியைத் திரும்ப வரவழைத்தாள், அதன் ஓரத்தில் மூன்று புள்ளி இருந்தது. அதற்குள் போய்த் துழாவியதில் வரிசையைக் கையால் மாற்றலாம் என்று தெரிந்தது. பெயரை விரலால் பிடித்து மேலே இழுத்தால் மேலே போகும், கீழே இழுத்தால் கீழே வரும். அப்படியானால் யாரை மேலே இழுப்பது? அண்ணனை இழுத்தால் மாமனார் இருக்கிறார். மாமனாரை விட்டுவைத்தால் அண்ணன் இல்லை. அருணா அச்சகத்துக்காரனை நினைத்துக்கொண்டாள். வரைபடத்தை மூன்று நகல் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கரையை மேலே வைத்து, மூன்று லிங்க்கையும் மூன்று கரைக் குழுக்களுக்கும் தனித்தனியாக அனுப்பினாள். அப்பாடா என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

காகிதம் வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். லிங்க் கிடக்குமா? பழனிச்சாமி சாருக்கு மூன்று கரையிலும் மாப்பிள்ளை, சம்பந்தி என்று ஆள் உண்டு. மூன்று லிங்க்கும் அவருக்கு மூன்று பக்கத்திலிருந்தும் போய்ச் சேர்ந்தது. அவர் நல்ல மனுஷர், ஒளிவு மறைவு தெரியாதவர். மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஊர்ப் பொதுக் குழுவிலேயே போட்டுக் கேட்டார்: "படம் மூன்று விதமாக வந்துள்ளது. இதில் எது சரி என்று தெரிந்தவர்கள் சொல்லவும்."

அதோடு அருணா இரட்டை நாக்குக்காரி ஆனாள். மூன்று நாக்கு என்றும் ஒருத்தர் திருத்தினார்.

ஒரு மணிக்குப் பழனிச்சாமி சாரே கூப்பிட்டார். விசில் ஊதி ஊதிக் கட்டிப்போன குரல். "ஏம்மா, என்னம்மா இது. நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள ஒரே ஒரு படம்தான் இருக்கணும். எந்த வரிசையோ எனக்குத் தெரியாது. இல்லாட்டி மறுபடி தாசில்தாரு, மறுபடி போலீசு. குதிரை இந்த வருசமும் கொட்டாயிலதான்."

"சார், நான் எப்படிப் போட்டாலும்..."

"நாலு மணி" என்றார்.

அருணா சென்டரைப் பூட்டினாள். வரிசையில் இருந்தவர்களிடம் சர்வர் இல்லை என்றாள். அது எப்போதும் எடுபடும். தொடுதிரை லேப்டாப்பைப் பைக்குள் போட்டு ஸ்கூட்டியின் முன்னால் வைத்தாள். ஊருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆனி மாதக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி ஃபோனைப் பார்த்தாள். முதல் தடவை எண்பத்தாறு செய்தி, இரண்டாவது தடவை நூற்றுப் பத்து. அண்ணனிடமிருந்து ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போவதா, கோவிலுக்குப் போவதா, பழனிச்சாமி சாரைப் போய்ப் பார்ப்பதா என்று ஒரு முடிவும் இல்லாமல்தான் கிளம்பியிருந்தாள். ஊர் முக்கில் வண்டி தானாகத் தெற்குத் தெருவுக்குள் திரும்பியது. திருப்பியது அவள் கைதான். பதினோரு வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவள் வந்ததில்லை.

அண்ணன் வாசலில் மருந்தடிக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். தலை பாதி நரைத்திருந்தது. உள்ளேயிருந்து மதினி செவந்தி எட்டிப் பார்த்தாள். அருணாவைக் கண்டதும் அவள் வாயில் "வா"-வும் வரவில்லை, "வாங்க"-வும் வரவில்லை. உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"வெயில்ல வந்திருக்க. குடி."

அருணா குடித்தாள். பாதி கழுத்தில் ஊற்றிக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து அதன் மேல் லேப்டாப்பைத் திறந்து, அண்ணனுக்கு முன்னால் வைத்தாள்.

"அண்ணே, நான் அடுக்கல. அதுவா அடுக்கிக்கிச்சு. அ, ஆ வரிசையில."

"அப்ப வேலாண்டின்னு பேரு வச்சவுகதான் தப்புப் பண்ணிட்டாக" என்றார் அண்ணன், இயந்திரத்தைப் பார்த்தபடியே.

"ஒனக்கு எப்படி வேணுமோ நீயே வச்சுக்க. இந்தா. இந்தப் பேரு மேல வெரல வச்சு இழு. போகும்."

"எனக்கென்னத்துக்கு?"

"இழுண்ணே."

செவந்தி, "இழுங்களேன், பிள்ளை அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்குல்ல" என்றாள். அண்ணன் வேட்டியில் எண்ணெய்க் கையைத் துடைத்தார். ஒரு விரலை, சூடாக இருக்குமோ என்று பார்ப்பவர் போல, வைத்தார். வேலாண்டி கரை ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. சின்னாண்டியைத் தாண்டியது, ஆவுடையானைத் தாண்டியது, உச்சியில் போய் உட்கார்ந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

"அம்புட்டுத்தான்."

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகத்தான் துணி கிழிந்தது, போலீஸ் வந்தது, தங்கச்சியைப் பிரசவத்துக்குக் கூப்பிடாமல் விட்டது. விரல் ஒரு சாண்கூட நகர்ந்திருக்கவில்லை.

"இப்ப அந்த நீலப் பொத்தானை அமுக்குனா எல்லாருக்கும் போயிரும்" என்றாள் அருணா. சொல்லக் கூடாது என்று நினைத்திருந்ததையும் சொல்லிவிட்டாள். "அமுக்கு. அமுக்குனா நான் எந்த மொகத்தோட எங்க வீட்டுக்குப் போறதுன்னு தெரியல. மாமா என்ன சொல்வாகன்னும் தெரியல. ஆனா சத்யாவுக்கு ஒம்மடியிலதான்ண்ணே குத்தணும். ஒம்போது வயசாச்சு. பள்ளிக்கூடத்துல பசங்க கேலி பண்ணுதுக. இன்னொரு வருசம் என்னால முடியாது."

அண்ணன் அமுக்கவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாத ஆள் கைக்கு வேலை தேடுவது போல, படத்தை அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளினார். "நம்ம வீடு எங்கிட்டு இருக்கு?" என்றார்.

அருணா இரண்டு விரலால் விரித்துக் காட்டினாள். தெற்குத் தெரு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு அளவுக்கு மேல் போனால்தான் வீட்டுப் பெயர்கள் தெரியும். இல்லையென்றால் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து அப்பிக்கொள்ளும் என்று தளமே அவற்றை மறைத்து வைத்திருந்தது. காலையிலிருந்து யாரும் அவ்வளவு தூரம் போகவில்லை. எல்லோரும் பெட்டியைப் பார்த்ததோடு சண்டைக்குப் போய்விட்டார்கள். இப்போது பெயர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அடைக்கப்பன் வீடு. ராக்கன் வீடு. மூக்காயி வீடு.

அண்ணன் தன் வீட்டின் மேல் இருந்த பெயரைப் படித்தார். புருவத்தைச் சுருக்கி மறுபடி படித்தார். செவந்திதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"எங்க வீடு."

அருணாவுக்கு முகம் குப்பென்று சிவந்தது. எட்டு நாளில் நூற்று நாற்பத்து மூன்று வீட்டையும் மனசுக்குள் தெருத் தெருவாக நடந்து அடித்திருந்தாள். அடைக்கப்பன் வீட்டைத் தாண்டி, ராக்கன் வீட்டைத் தாண்டி இந்த வாசலுக்கு வந்தபோது கை என்ன அடித்தது என்று அவள் பார்க்கவில்லை. திருப்பிப் படித்தபோதும் கண்ணில் படவில்லை. படாத அளவுக்கு அது அவளுக்குச் சரியாக இருந்திருக்கிறது.

"தப்பா அடிச்சிட்டேன்ண்ணே. சேவுகன் வீடுன்னு மாத்திர்றேன்." கையை நீட்டினாள்.

"கைய எடு."

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார், மருந்து வாடை என்று யாரும் கேட்காமலே சொன்னார். அப்புறம் அந்தப் பெட்டிக்குத் திரும்பப் போனார். இப்போது விரல் பழகியிருந்தது. வேலாண்டியைக் கீழே இறக்கினார். சின்னாண்டி கரையைப் பிடித்து உச்சியில் வைத்தார்.

"அண்ணே?"

"பழனிச்சாமி சாரு ஒரு நாளாச்சும் தூங்காம கெடக்கட்டும். அவரு மேல நிக்கிறதுக்கு ஒங்க மாமனாரு சண்டைக்கி வர முடியுமா? நானுந்தான் வர முடியுமா? சமாதானம் பண்ணி வச்ச ஆளுல்ல." பிறகு வேலாண்டியை இரண்டாவதாக வைத்தார். "இது மடிப்புக்குள்ளதான இருக்கும், யாருக்குத் தெரியப் போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நீலப் பொத்தானை அவரே அமுக்கினார். மற்ற மூன்று நகலையும் அருணா அழித்தாள். மணி இரண்டு நாற்பது.

"பிள்ளைக்கிக் கம்மல்ல என்ன கல்லு புடிக்கும்?" என்று அண்ணன் கேட்டார். "செவப்பா, வெள்ளையா?"

அருணா தலையை மட்டும் ஆட்டினாள். எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? செவந்தி, "நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனா அவளையே கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சோறு போட உள்ளே போனாள். அருணா அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். என்ன குழம்பு என்றுகூட அவளுக்கு நினைவில்லை. அவ்வளவு அவசர அவசரமாகச் சாப்பிட்டாள்.

கிளம்பும்போதுதான் ஃபோனைப் பார்த்தாள். பழனிச்சாமி சாரிடமிருந்து நான்கு தவறிய அழைப்பு, தன் கரை எப்படி உச்சிக்கு வந்தது என்று கேட்கத்தான் இருக்கும். தமிழ்செல்வனிடமிருந்து ஒரு படம். அவனும் விரித்துப் பார்த்திருக்கிறான். அண்ணன் வீட்டின் மேல் 'எங்க வீடு'. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு படம், வடக்குத் தெரு. அவள் பதினோரு வருஷத்துக்கு மேல் சோறாக்கும் வீட்டின் மேல், பிள்ளை பிறந்து தவழ்ந்து நடந்த வீட்டின் மேல், 'வெள்ளைச்சாமி வீடு'. கீழே அவன் எதுவும் எழுதவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தெரு முக்கில் ஒரு கருவேல மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். ஷீட்டில் தேடி அந்த வரிசைக்குப் போனாள். 'வெள்ளைச்சாமி' என்பதை அழித்தாள். 'எங்க' என்று அடித்தாள். பொய்யா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றுதான் மனசு சொன்னது. ஆனால் கேட்ட பிறகுதான் சொன்னது. பொத்தானை அமுக்கினாள். ஒரே பெயரில் இரண்டு வீடு இருப்பதைப் பற்றித் தளம் ஒன்றும் கேட்கவில்லை.

அவனுக்கு எழுதினாள்: "அண்ணே வருது. சத்யாகிட்ட சொல்லிருங்க. வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கேன். மேப்ப ஒருக்கா பாருங்க."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. 'டைப்பிங்' என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"பாத்தேன்" என்று வந்தது. "இப்பத்தான மாத்துன?"

அருணா அதை நாலைந்து தடவை படித்தாள். ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியை வடக்குத் தெருவுக்குத் திருப்பினாள்.